ஏரி வழியாக வராதே

ஸ்கோகா பண்ணை
குளிர்காலத்தின் முதல் இரவு கழிந்து ஒன்பதாம் நாள்

ஃப்ரேய் தேவனின் மனைவியும் என் ஒரே தங்கையுமான தோலாவுக்கு, அக்கா ஆலோவ் செதுக்குவது.

நானும் உன் அத்தானும் சுகம். இரண்டு பசுக்கள் இருமுகின்றன, மற்றவை சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் தேவனின் மேல் பூசிய சிவப்பு உதிராமல் இருக்கிறதா?

இந்த ஐந்து பிர்ச் மரப் பலகைகளையும் ரோமத்தோல் வியாபாரி புரூசியிடம் கொடுத்தனுப்புகிறேன். போன தடவை கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது சேதியா, வெறகா?" என்றான். "படிச்சு முடிச்சா வெறகு. சும்மா தூக்கிட்டுப் போ" என்றேன். எழுத்து வெட்டுகிறவரின் பெண்கள் வாய்ச்சொல்லாகச் சேதி அனுப்பினால் அப்பா புதைமேட்டிலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

பார்லி இந்த வருஷமும் போயிற்று. முழங்கால் உயரத்தில் கருகி நின்றது. இதோடு மூன்று வருஷம். "ஃப்ரேய் நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல" என்று ஊரே புலம்புகிறது. ஆனால் வடக்கே தேவனோடு உன் வண்டி போன ஊர்களில் உனக்கு அம்பர்க் கல் மாலை போட்டார்களாம், முதல் கோப்பைத் தேன்மது உனக்குத்தானாம். புரூசி வாய் வலிக்கச் சொன்னான். கேட்க எனக்குச் சந்தோஷம். இந்தச் சொல்லை வெட்டும்போதுதான் கத்தி வழுக்கி விரலில் பட்டது, வேறொன்றுமில்லை.

நீ விட்டுப்போன மான்கொம்புச் சீப்பு பத்திரமாக இருக்கிறது. ஒரு பல் மட்டும் உடைந்துவிட்டது. என் முடி உன் முடி மாதிரி மிருது இல்லையே.

வரும் வசந்தத்தில் தேவனின் வண்டி எந்தப் பக்கம் போகிறது? சும்மாதான் கேட்கிறேன்.

உன் நலத்துக்கு ஃப்ரிக் தாயை வேண்டும்,
ஆலோவ்


பெரிய கோயில்
பன்றி வெட்டும் மாதக் கடைசி

என் அக்கா ஆலோவுக்குத் தோலா.

இங்கே நான் நலம், தேவன் நலம், பூசாரி ஹெடினுக்கு மட்டும் மூட்டுவலி. அங்கே இருமும் பசுக்களுக்கு அடுப்புச் சாம்பலைக் கஞ்சியில் கலந்து கொடு.

அம்பர் மாலை நிஜம்தான். கனம் தாங்காமல் கழுத்து வலிக்கிறது. மாலையைச் சொன்ன புரூசி மீதியைச் சொன்னானா? வண்டியில் தேவனுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். குலுங்கும்போதெல்லாம் அவர் முழங்கை என் விலாவில் இடிக்கும். இறங்கினால் கிழவிகள் வந்து வயிற்றைத் தடவுவார்கள். "தேவனோட பொண்டாட்டி வயிறு நெறஞ்சாத்தான் வயலும் நெறையும். இன்னும் ஒண்ணும் இல்லையாடி?" என்பார்கள். மூன்று வருஷமாக ஒன்றும் இல்லை. மரக்கட்டையோடு குடித்தனம் நடத்துகிறவள் என்ன செய்வாள்? இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ சும்மா கேட்டதற்கு நானும் சும்மா சொல்கிறேன்: இந்த வசந்தம் உங்கள் பள்ளத்தாக்குத்தான். சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குக் கட்டை பூட்டி, ஏரி உறைந்திருக்கும்போதே குறுக்கே வந்துவிடலாம் என்கிறார் ஹெடின். மலை வழி ஆறு நாள் சுற்று.

சீப்பு உடைந்தால் என்ன. எய்முந்த் அதை எனக்குக் கொடுத்தபோது அவர் எனக்கு அத்தான் இல்லை, இப்போது அத்தான். தேவனின் மனைவி வேறொரு ஆண் கொடுத்ததை வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் உன்னிடம் விட்டேன். உன் தலைக்கே ஆகட்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தோலா


ஸ்கோகா
யூல் பண்டிகைக்குப் பத்து நாள் முன்

தோலாவுக்கு அக்கா. குளிர் உன்னைத் தொடாமல் இருக்கட்டும்.

உன் கடைசிப் பலகையில், "அத்தானைக் கேட்டதாக" என்பதற்கு மேலே, ஒரு வரியைச் சுரண்டி எடுத்திருக்கிறாய். கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? கட்டைவிரலை வைத்தால் எனக்குப் பள்ளம் தெரியும். என்ன எழுதிச் சுரண்டினாய்?

இந்த வருஷம் ஏரி சரியாக உறையவில்லை. அடியில் ஊற்று திறந்திருக்கிறதாம், பெரியவர்கள் சொல்கிறார்கள். உறைபனி மிக மெலிசு. மனுஷன் நடந்தாலே கீறல் விடுகிறது, நான்கு எருது பூட்டிய வண்டி எப்படித் தாங்கும்? மலை வழியும் இந்த வருஷம் மோசம். தேவனை வேறு பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போ. எங்கள் பார்லியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன் அத்தான் ஊரில் இல்லை. தோல் விற்கத் தெற்கே போயிருக்கிறார். வசந்தம் முடிந்துதான் வருவார். ஆகவே கேட்டதாகச் சொல்ல முடியவில்லை.

பசுக்கள் தேறிவிட்டன. சாம்பலுக்கு நன்றி.

ஆலோவ்


பெரிய கோயில்
யூல் முடிந்து பன்னிரண்டாம் நாள்

அக்காவுக்கு, நலமாக இருக்க வேண்டிக்கொண்டு.

நேற்று புரூசி உன் பலகைகளோடு வந்தான். சுடச்சுடக் கஞ்சி கொடுத்து, ஏரியை எப்படித் தாண்டினாய் என்று கேட்டேன். "எப்படின்னா? ரெண்டு சறுக்குவண்டி நெறைய ரோமத்தோட நேரா வந்தேன். நடு ஏரியில உங்க அத்தான் துளை போட்டு மீன் பிடிச்சிட்டு இருந்தாரு. என் கை நீளத்துக்கு வெட்டினாத்தான் தண்ணி வருதுன்னு அலுத்துக்கிட்டாரு" என்றான்.

தெற்கே தோல் விற்கப் போன மனிதர் நடு ஏரியில் மீன் பிடிக்கிறார். ஃப்ரேயின் அற்புதம் என்று ஹெடினிடம் சொல்லட்டுமா?

சிரித்துக்கொண்டுதான் வெட்ட ஆரம்பித்தேன். இந்த வரிக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. உன் வாசலுக்கு வர எனக்கு ஏன் இத்தனை தடை? நான் வந்தால் எதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்?

தோலா


ஸ்கோகா
கடுங்குளிர் மாதத்தின் நடுவில்

தோலாவுக்கு. நலம் விசாரிக்கிற மனநிலை எனக்கு இல்லை. இருந்தாலும் நலமா?

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். யூல் அன்று ஊரே எங்கள் கூடத்தில் இருந்தது. வழக்கப்படி கொழுத்த ஆண்பன்றியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக அதன் பிடரி மயிரில் கை வைத்து வருஷத்துக்கான சபதம் சொன்னார்கள். ஒருவன் கப்பல் கட்டுவேன் என்றான். ஒருவன் மாமியாரோடு சண்டை போடமாட்டேன் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். உன் அத்தான் எழுந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்த வசந்தத்துல தேவனோட வண்டி எங்க வாசல்ல நிக்கும். ஏரி நடுவுல நின்னாலும் போயி இழுத்துட்டு வருவேன்" என்றார். மேசைகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

தேவனின் வண்டியாம்! அந்த முகத்தை நான் பார்த்தேன். தேவனை நினைக்கிற ஆணின் முகம் அப்படி இருக்காது.

எனக்கு வயிறு எரிகிறது தோலா, போதுமா? உனக்கு அம்பரும் மதுவும் ஊர் மரியாதையும் கிடைக்கும்போது எரிகிறது. எனக்குக் கிடைத்த ஒருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடிக்கும்போது அதைவிட எரிகிறது. உன்னிடம் தேவன் இருக்கிறாரே, என் மனுஷனையாவது விட்டுவை.

ஆலோவ்


பெரிய கோயில்
குளிர்காலத்தின் ஐந்தாம் மாதப் பிறப்பு

அக்கா, உன் பலகைகளைப் படித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. அதனால்தான் பதில் தாமதம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னை நினைத்தால் எனக்கும் எரிகிறது, தெரியுமா? நீ சமைத்தால் ஒருவர் உப்புப் போதவில்லை என்று சொல்ல இருக்கிறார். நான் தேவனுக்குக் கருவாடும் வெண்ணெயும் வைக்கிறேன். வைத்தது வைத்தபடி இருக்கும், ஹெடின் வந்து சாப்பிட்டுப் போவார். எனக்கு இருபத்திரண்டு வயது. என் புருஷனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வண்ணம் பூசுகிறார்கள். எனக்கு அதுவும் இல்லை.

அம்பர் மாலை வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்.

நீண்ட நாளாக ஒன்று கேட்க நினைத்தேன். பன்றி வெட்டும் மாதப் பலகையில் சுரண்டியதும் அதுதான். சீட்டுக்குச்சி எடுத்த அன்று, மற்றப் பெண்களின் குச்சிகளெல்லாம் விலக்கப்பட்டு கடைசியில் வெள்ளைத் துணியில் நம் இருவருடையது மட்டும் மிஞ்சியது. அவரவர் குறி வெட்டி ஆட்டு ரத்தம் பூசிய இரண்டு குச்சி. எவள் குச்சி கையில் வருகிறதோ அவள் தேவனின் மனைவி, மூத்தவள் எடுக்கட்டும் என்றார் ஹெடின். நீ வானத்தைப் பார்த்துக்கொண்டு கையை விட்டாய். ஏன் அக்கா உன் கை அத்தனை நேரம் துணிக்குள்ளேயே இருந்தது?

பதில் வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் புறப்படுகிறோம். முழுநிலவுக்கு மறுநாள் ஏரிக்கரையில் இருப்போம்.

தோலா


ஸ்கோகா
முழுநிலவுக்கு ஆறு நாள் முன்

தோலா, அவசரம். புரூசியை வழியில் உன்னைப் பிடிக்கச் சொல்லி விரட்டுகிறேன்.

மூன்று நாளாகத் தெற்குக் காற்று. உறைபனி மேல் தண்ணீர் நிற்கிறது, நிறம் கறுத்துவிட்டது. நேற்று பக்கத்துப் பண்ணைக் கிடாரி ஒன்று கரையிலிருந்து முப்பது அடியில் உள்ளே போய்விட்டது. ஏரி வழியாக வராதே. மலையைச் சுற்றி வா. ஆறு நாள் ஆனாலும் வா. வாசலில் நின்று நானே கோப்பை தருகிறேன்.

யூலுக்கு முன் ஏரியைப் பற்றிச் சொன்னது பொய். இந்தத் தடவை நிஜம். தோரின் சுத்தியல் மேல் ஆணை.

ஆலோவ்


ஏரியின் வடகரை
முழுநிலவு நாள்

அக்கா, என் கேள்விக்குப் பதில் இல்லை, மறுபடி ஏரிக் கதைதான். பொய்க்குத் தோரையும் இழுத்துவிட்டாய். உன் சேதியை ஹெடினிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார். நாளை வருகிறோம். கஞ்சி சூடாக இருக்கட்டும்.

தோ.


ஸ்கோகா
கோடையின் முதல் நாள்

தோலாவுக்கு, உன் அக்கா.

நீ உள்ளே என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். காய்ச்சல் இறங்கிவிட்டது, கை தொட்டுப் பார்த்தேன். ஒரே கூரைக்கு அடியில் இருந்துகொண்டு எழுத்து வெட்டுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. இதை மாவுத் தொட்டியில் வைத்துவிட்டுப் போகிறேன். ரொட்டி பிசையும்போது கிடைக்கும்.

நடந்ததில் பாதிதான் உனக்கு நினைவிருக்கும். தேவனை வரவேற்க ஊரே கரையில் நின்றது. இருபது அடி மிச்சம் இருந்தபோது சத்தம் கேட்டது. ஹெடினும் ஆட்களும் எருதுகளின் கயிற்றை அறுத்துவிட்டுக் கரைக்குத் தாவினார்கள். வண்டியோடு நீயும் தேவனும் சாய்ந்தீர்கள். உன் அத்தான் ஏணியைப் போட்டு அதன்மேல் தவழ்ந்து போனார். கைக்கு எட்டியது இரண்டு, தேவனின் கையும் உன் பின்னலும். பூசாரி இந்தப் பக்கம் "தேவனைப் பிடிடா, தேவனை!" என்று அலறினார். உன் அத்தானும் கத்தினார். அவர் கத்தியது தேவனின் பெயரை அல்ல, "தோலா!" என்றுதான் கத்தினார். அந்தக் குரலில் என் பெயரைக் கேட்க மூன்று வருஷம் காத்திருந்தேன். தேவன் மல்லாந்து, சிரித்த முகத்தோடு உள்ளே போனார்.

அங்கேயே ஊர்க் கூட்டம் கூடியது. ஹெடின் கேட்டார்: "ஏரி உருகினது ஸ்கோகாவுக்குத் தெரியாதா? ஒரு சேதி அனுப்பக் கூடாதா?" நீ நடுங்கிக்கொண்டே வாயைத் திறந்தாய். நான் உனக்கு முந்திக்கொண்டேன். "தெரியும். சொல்லி அனுப்பல" என்றேன். சேதி வந்தும் நீ ஹெடினிடம் மறைத்தாய் என்று தெரிந்தால் தேவனுக்குப் பின்னாலேயே உன்னையும் அந்தத் துளையில் இறக்கியிருப்பார்கள். பலகைகள் தேவனோடு போய்விட்டன. புரூசியின் வாய்க்கு ஒரு நரித்தோல் கொடுத்தாயிற்று. நீயும் வாயை மூடிக்கொண்டு இரு.

"தேவனை முழுங்கின வீடு, புதுசா செதுக்குற தேவனுக்கு ஒரு பொண்டாட்டி குடுக்கணும்" என்றார் ஹெடின். நான் எழுந்து நின்றேன். எய்முந்த் 'வேண்டாம்' என்று சொல்வாரா என்று மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருந்தேன். அவர் உன் முடியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தன் மேலங்கியால் துடைத்துக்கொண்டிருந்தார். சாட்சிகளை அழைத்து, இவருக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இதைத் தியாகம் என்று நினைத்து உருகிவிடாதே. உன் கேள்விக்குப் பதில் இதுதான்: அன்று துணிக்குள் என் கட்டைவிரலில் முதலில் பட்டது என் குச்சி. எனக்கு என் குறி தெரியாதா? தேவன் கேட்டது என்னை. எனக்கோ, உனக்குச் சீப்புக் கொடுத்த ஆள் வேண்டியிருந்தது. என் குச்சியை விட்டுவிட்டு உன்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டு உன் வண்டியையும் பார்த்து எரிந்தேன். மூன்று வருஷம் பார்லி ஏன் கருகியது என்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஏமாந்த தேவனிடம் போகிறேன். நீ இப்போது தேவனின் கைம்பெண், யாரும் உன்னைத் தடுக்க முடியாது. எய்முந்துக்கு உப்புக் கொஞ்சம் தூக்கலாக வேண்டும். இடது முழங்காலில் குளிர்காலத்தில் வலி வரும், கரடிக் கொழுப்புத் தேய். இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் வெட்டுகிறேன்.

மாடுகளைப் பார்த்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஸ்கோகா பண்ணை
குளிர்காலத்தின் முதல் இரவு

ஃப்ரேய் தேவனின் மனைவியும் என் ஒரே அக்காவுமான ஆலோவுக்கு, தங்கை தோலா செதுக்குவது.

நாங்கள் இருவரும் சுகம், பசுக்கள் எல்லாம் சுகம். காலையில் எனக்கு வாந்தி வருகிறது, அதுவும் சுகம்தான் என்கிறார்கள். உன் உடம்பு எப்படி? வண்டியின் குலுக்கலுக்கு இடுப்பில் துணி கட்டிக்கொள்.

மாவுத் தொட்டியில் கிடைத்ததைப் படித்துவிட்டு ஒரு மாதம் உன்னைத் திட்டினேன். அடுத்த மாதம் அழுதேன். இப்போது இரண்டும் தீர்ந்தது, பலகையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அறுவடையைச் சொல்ல வேண்டும். பார்லி என் தோள் உயரம். உன் வண்டி போன ஊர்களிலெல்லாம் களஞ்சியம் போதாமல் புதிதாகக் கட்டுகிறார்களாம். "இந்தப் பொண்டாட்டியத்தான் தேவனுக்குப் பிடிச்சிருக்கு" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். என்னோடு மூன்று வருஷம் இருந்தாரே, ஒரு கதிராவது கொடுத்தாரா? மரம்தானே என்று நினைத்தேன். இப்போது உன்னோடு மட்டும் குடித்தனம் செய்கிறாராமே! எனக்கு என்னவோ போல இருக்கிறது.

புரூசி இன்னொன்றும் சொன்னான். புது தேவனின் முகத்தை வேறு யாரையும் தொடவிடாமல் நீயே செதுக்கினாயாம். "மூக்கைப் பாத்தா எங்கயோ பாத்த மூக்கு மாதிரி இருக்கு. அத நெனச்சுக்கிட்டே இங்க வந்து எய்முந்த் அண்ணனைப் பாக்கிறேன், சிரிப்பு வந்துடுச்சு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தான், பார், இன்னும் அத்தான் என்றே வருகிறது, எய்முந்த், உப்புப் போதவில்லை என்று ஒருநாளும் சொல்வதில்லை. போட்டதைச் சாப்பிடுகிறார். சாப்பிட்டுக்கொண்டே ஏரியைப் பார்க்கிறார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல. இந்தத் தடவை வண்டி எப்ப வரும்னு" என்கிறார். யூலுக்குப் பன்றி கொழுக்கிறது. அவர் என்ன சபதம் எடுப்பாரோ.

என் சீப்பைத் தேடிப் பார்த்துவிட்டேன், வீட்டில் இல்லை. தேவனின் மனைவி வேறொரு ஆண் கொடுத்ததை வைத்துக்கொள்ளக் கூடாது, அக்கா. திருப்பி அனுப்பு. புரூசியிடம் கொடுத்தால் போதும், நீ எடுத்துக்கொண்டு வரவேண்டியதில்லை.

ஏரி இன்னும் உறையவில்லை. அலை அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த வருஷம் உறைபனி மிக மெலிசாகத்தான் இருக்கும். மலை வழியும் மோசம். தேவனை வேறு பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போ.

உன் நலத்துக்கு ஃப்ரிக் தாயை வேண்டும்,
தோலா